ரோபோவா, கத்தியா என்று கேட்பதற்கு முன்…

இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு நிதானமாகப் படியுங்கள். படிக்காமலேயே லைக் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். முப்பத்திநாலு வருஷம் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பழகியவள் நான்!

இந்த ஒரு வருஷத்தில் மூன்று குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டன. கணையத்தில் கட்டி, ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார்கள். வயிற்றைத் திறந்து செய்வதா, துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்வதா, ரோபோவில் செய்வதா? கடைசியாகக் கேட்டவன் 1998ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். அவன் அப்பாவுக்குத்தான் கட்டி. ஒரு தனியார் மருத்துவமனையில், ரோபோ என்றால் மூன்றரை லட்சம் கூடுதலாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். “காடு ஒரு ஏக்கர் இருக்கு டீச்சர். அடமானம் வெச்சுடலாம்னு இருக்கோம். அப்பாவுக்கு இருக்கறதுலயே நல்லதைச் செய்யணும்ல” என்றான்.

நான் டாக்டர் இல்லை. படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன் என் கொழுந்தனாருக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது எங்கள் வீடும் இதே கேள்வியோடுதான் தவித்தது. அப்போது அறுவைச் சிகிச்சைத் துறையில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பி, வரி வரியாக விளக்கினாள். இன்றைக்கும் புதிதாக ஏதாவது வந்தால் அனுப்புகிறாள். அப்படிப் படித்ததை வைத்து எனக்கென்று ஒரு கருத்து உண்டாகியிருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன், யார் கை, இதுவரை எத்தனை தடவை என்று கேளுங்கள். ரோபோவுக்காக மட்டும் நிலத்தை அடமானம் வைக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணையம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் படுத்துக்கிடக்கும் உறுப்பு. சாப்பாட்டைச் செரிக்கும் நீரும் இன்சுலினும் இங்கேதான் சுரக்கின்றன. அதற்குத் தலை, உடல், வால் என்று மூன்று பகுதி. கட்டி எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபரேஷனே வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் “கணைய ஆபரேஷன்” என்று பொதுவாகப் பேசினால் பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும்.

வாலில் கட்டி என்றால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, வெட்டிய முனையை மூடிவிடுவார்கள். பெரும்பாலும் மண்ணீரலும் கூடவே போகும். எதையும் எதோடும் திரும்ப இணைக்க வேண்டியதில்லை.

தலையில் கட்டி என்றால் கதை வேறு. கணையத்தின் தலையும் முன்சிறுகுடலும் ஒரே ரத்தக் குழாய்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதையும் எடுத்தாக வேண்டும். அதோடு பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சில சமயம் இரைப்பையின் ஒரு பகுதி என எல்லாம் போகும். பிறகு மிச்சமிருக்கும் கணையத்தைக் குடலோடும், பித்தநாளத்தைக் குடலோடும், இரைப்பையைக் குடலோடும் மூன்று இடத்தில் தைத்து இணைக்கவேண்டும். இதற்கு விப்பிள் ஆபரேஷன் என்று பெயர். 1935ல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் என்ற டாக்டர் இதை விவரித்து எழுதினார். அவருக்கும் முன்னால், 1909ல் பெர்லினில் வால்ட்டர் கவுஷ் என்பவர் இதுபோன்ற ஒன்றைச் செய்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் கைமாறி வந்த வித்தை இது. இன்றும் வயிற்றில் செய்யும் மிகக் கடினமான ஆபரேஷன்களில் ஒன்று.

கடினத்துக்குக் காரணம் அந்த மூன்று இணைப்பில் ஒன்று: கணையத்தையும் குடலையும் சேர்க்கும் தையல். என் மாணவி சொன்ன உவமை எனக்கு மறக்கவில்லை. “சிலருக்குக் கணையம் வெந்த பனங்கிழங்கு மாதிரி இருக்கும் டீச்சர், தையல் நிற்கும். சிலருக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், நூலே அறுத்துக்கொண்டு வரும்.” அந்தத் தையல் விட்டால் செரிமான நீர் வயிற்றுக்குள் கசியும். சாப்பாட்டைச் செரிக்கிற நீர் பக்கத்திலிருக்கும் ரத்தக் குழாயைச் சும்மா விடுமா? ஆபரேஷனுக்குப் பின் உயிருக்கு வரும் ஆபத்தில் பெரும்பங்கு இந்தக் கசிவிலிருந்துதான் வருகிறது.

இப்போது மூன்று வழிகள்.

திறந்த முறையில் வயிற்றைப் பெரிதாகத் திறந்து, டாக்டர் நேரில் பார்த்து, கையால் தொட்டுச் செய்கிறார். தழும்பு பெரிது, வலி அதிகம், நடமாடக் கொஞ்சம் நாளாகும். ஆனால் திடீரென்று ரத்தம் பீறிட்டால் உடனே கைவிரலால் அழுத்திப் பிடிக்கலாம்.

லேப்ராஸ்கோப்பியில் ஐந்தாறு சிறு துளை போட்டு, கேமராவையும் நீளமான கருவிகளையும் உள்ளே விட்டு, டிவி திரையைப் பார்த்துச் செய்கிறார்கள். விப்பிள் ஆபரேஷனை இப்படி முதலில் செய்து 1994ல் எழுதியவர்கள் கனடாவின் மான்ட்ரியல் நகர டாக்டர்கள். காயம் சிறிது. ஆனால் கருவி நேர்க்குச்சி மாதிரி. மணிக்கட்டு மாதிரி வளையாது. அதை வைத்து வெண்ணெயில் தையல் போட வேண்டும்.

ரோபோ என்றதும் இயந்திரமே ஆபரேஷன் செய்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஓர் உறவினர் என்னிடம், “ரோபோன்னா தப்பே நடக்காதாமே அக்கா, எல்லாம் கம்ப்யூட்டர்தானே?” என்று கேட்டார். அப்படி இல்லை. அதே அறையில் சில அடி தள்ளி டாக்டர் ஒரு மேடையில் உட்கார்ந்து விரல்களை அசைப்பார். அவர் அசைத்தபடி ரோபோவின் கைகள் உள்ளே அசையும். அவர் நிறுத்தினால் அதுவும் நிற்கும். கருவி முனை மணிக்கட்டு மாதிரி வளையும், கை நடுக்கம் வடிகட்டப்படும், காட்சி பெரிதாகவும் முப்பரிமாணமாகவும் தெரியும். தையல் போட இது பெரிய வசதி. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இப்போது புழக்கத்தில் இருக்கும் பெரும்பாலான இயந்திரங்களில் தொடு உணர்வு கிடையாது. இழுவையைக் கண்ணால் பார்த்தே கணிக்கவேண்டும்.

சரி, ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு முறை, மற்ற குழுவுக்கு வேறு முறை என்று செய்து பார்த்த ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன்.

பெருமைப்படக்கூடிய விஷயம், விப்பிளில் லேப்ராஸ்கோப்பியையும் திறந்த முறையையும் இப்படி ஒப்பிட்ட முதல் ஆய்வுகளில் ஒன்று நம் கோயம்புத்தூரில் நடந்தது. ஜெம் மருத்துவமனையில் டாக்டர் பழனிவேலு குழுவினர் 64 பேரைச் சேர்த்துச் செய்து, 2017ல் வெளியிட்டார்கள். லேப்ராஸ்கோப்பியில் செய்தவர்கள் சராசரியாக 7 நாளில் வீடு திரும்பினார்கள், திறந்த முறையில் 13 நாள். ரத்தமும் குறைவாகவே போனது. படித்தவுடன் “அப்போ லேப்ராஸ்கோப்பிதான்” என்று தோன்றும்.

ஆனால் 2019ல் நெதர்லாந்திலிருந்து வேறொரு முடிவு வந்தது. நான்கு மருத்துவமனைகளில், பயிற்சி பெற்ற டாக்டர்களைக் கொண்டு, அதே ஆபரேஷன். 99 பேரைச் சேர்த்த நிலையில் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். லேப்ராஸ்கோப்பிக் குழுவில் 50 பேரில் 5 பேர் சிக்கல்களால் 90 நாளுக்குள் இறந்திருந்தார்கள். திறந்த முறையில் 49 பேரில் ஒருவர். இது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். ஆனாலும் ஒரு பக்கம் சாவு கூடுதலாகத் தெரியும்போது தொடர மனம் வருமா?

அதே ஆபரேஷன், அதே துளை வழி. கோயம்புத்தூரில் ஒரு முடிவு, நெதர்லாந்தில் இன்னொரு முடிவு. ஏன்?

விடை 2021ல் சீனாவிலிருந்து வந்த ஆய்வில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 14 மருத்துவமனைகள், 656 பேர். இதில் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: லேப்ராஸ்கோப்பியில் குறைந்தது 104 விப்பிள் செய்து கை தேர்ந்த டாக்டர்கள் மட்டுமே ஆய்வில் சேரலாம். அங்கே இரண்டு குழுவிலும் இறப்பு ஏறக்குறைய 2 சதவீதம்தான். அதேசமயம், அவ்வளவு தேர்ந்த கைகளிலும் கிடைத்த லாபம் என்ன தெரியுமா? 16 நாளில் வீட்டுக்குப் போகவேண்டியவர் 15 நாளில் போனார். ஒரே ஒரு நாள்.

ரோபோவுக்கும் ஏறத்தாழ இதே கதைதான். சீனாவில் 161 பேரை வைத்து 2024ல் வெளியான ஆய்வில், ரோபோவில் செய்தவர்கள் 11 நாளிலும் திறந்த முறையில் செய்தவர்கள் பதின்மூன்றரை நாளிலும் வீடு திரும்பினார்கள். அங்கேயும் செய்தவர்கள் ரோபோவில் கை தேர்ந்தவர்கள். பெரிய சிக்கல்களில் வித்தியாசம் தெரியவில்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் செய்த சிறிய ஆய்விலும் சிக்கல்களின் மொத்த அளவு இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது.

வால் பகுதி ஆபரேஷனுக்கு மட்டும் துளை வழி நிஜமாகவே நல்லது. நெதர்லாந்திலேயே 108 பேரை வைத்துச் செய்த ஆய்வில், திறந்த முறையில் 6 நாளில் தேறியவர்கள் துளை வழியில் 4 நாளில் தேறினார்கள். புற்றுநோய்க் கட்டிக்கும் அது குறைந்ததில்லை என்று 258 பேரைச் சேர்த்துப் பல நாடுகளில் நடத்திய ஆய்வு 2023ல் சொன்னது. எனவே உங்கள் வீட்டில் வால் பகுதிக் கட்டி என்றால், பழகிய டாக்டர் துளை வழியில் செய்கிறேன் என்றால், தயங்கவேண்டாம். அதை லேப்ராஸ்கோப்பியிலேயே நன்றாகச் செய்கிறார்கள். ரோபோதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

இப்போது கருவியை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுப் பதிவேடுகளை வைத்து 2002ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கணைய ஆபரேஷனை எப்போதாவது ஒன்று செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 சதவீதம். வருஷத்துக்குப் பதினாறுக்கு மேல் செய்யும் மருத்துவமனைகளில் 3.8 சதவீதம். நூறு பேரில் பன்னிரண்டு பேருக்கு மேல் வித்தியாசம்! மேலே சொன்ன கருவி ஒப்பீட்டில் நாம் பேசிக்கொண்டிருப்பது ஒரு நாள், இரண்டு நாள் சீக்கிரம் வீட்டுக்குப் போவதைப் பற்றி. இங்கே பேசுவது வீட்டுக்குப் போவோமா என்பதையே பற்றி.

நெதர்லாந்துக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு 2011லிருந்து ஒரு விதி வைத்தார்கள். வருஷத்துக்குக் குறைந்தது 20 விப்பிள் செய்யாத மருத்துவமனை அந்த ஆபரேஷனைச் செய்யக்கூடாது. அந்த விதிக்கு முன்பே அங்கே ஆபரேஷன்கள் சில பெரிய மருத்துவமனைகளில் குவியத் தொடங்கியிருந்தன. 2004க்கும் 2009க்கும் இடையில் இறப்பு 9.8 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாகக் குறைந்தது.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்? தையல் போடும் கை பழகுவது ஒரு காரணம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் டாக்டர்கள் தங்கள் முதல் 200 ரோபோ விப்பிளைக் கணக்கெடுத்து 2015ல் வெளியிட்டார்கள். ரத்த இழப்பு குறைய 20 ஆபரேஷன் ஆயிற்று, கசிவு குறைய 40 ஆயிற்று, நேரம் குறைய 80 ஆயிற்று. ஒளிக்காமல் எழுதிய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இன்னொரு காரணத்தை என் கொழுந்தனார் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருக்குப் பித்தநாளம் குடலில் திறக்கும் வாயில் கட்டி. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் திறந்த முறையில் விப்பிள் செய்தார்கள். ஆறாம் நாள் ராத்திரி, டிரெயின் குழாயில் வந்த நீரின் நிறம் மாறியதை டியூட்டி நர்ஸ் கவனித்தார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அந்த வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவர் என்பதால் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. டாக்டரை எழுப்பினார். அந்த ராத்திரியே ஸ்கேன், மறுநாள் காலையில் ஸ்கேன் பார்த்தபடியே இன்னொரு குழாய் போட்டுத் தேங்கியதை வெளியே எடுத்தார்கள். 24 நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இன்றைக்கும் காலையில் டீக்கடைக்கு நடந்துபோய் அரசியல் பேசுகிறார்.

கசிவு எந்த முறையிலும் வரும், எவ்வளவு பெரிய டாக்டர் செய்தாலும் சிலருக்கு வரும். வந்தால் யார் கண்டுபிடிப்பார், எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பார் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் எந்த இயந்திரம் என்று விசாரிக்கிறோமே, ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் யார் என்று விசாரிக்கிறோமா?

“அப்போ புது டெக்னாலஜியே வேண்டாமா டீச்சர்?” என்று பெங்களூரில் இருக்கும் என் ஐடி பிள்ளைகள் கேட்பீர்கள். வேண்டும். பித்தப்பை ஆபரேஷனும் ஒரு காலத்தில் வயிற்றைத் திறந்துதான். இன்று துளை வழிதான் வழக்கம். ரோபோவும் ஒருநாள் இந்த ஆபரேஷனில் அப்படி ஆகலாம். ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் முதன்முதலாக வகுப்பெடுத்தபோது பின் பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் படிப்பு எங்கள் பயிற்சியால் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. அதேபோல, புதிதாக ரோபோவில் பழகும் டாக்டர் பக்கத்தில் பழகியவர் ஒருவர் நிற்கிறாரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கற்கட்டும், ஆனால் நம்மிடம் சொல்லிவிட்டுக் கற்கட்டும்.

இனி பணம். ஆபரேஷனோடு செலவு முடிவதில்லை. புற்றுநோய் என்றால் பெரும்பாலும் அதன் பின் கீமோ மாதக்கணக்கில் இருக்கும். செரிமானத்துக்குச் சாப்பாட்டோடு கேப்சூல் போடவேண்டியிருக்கும், அது மலிவில்லை. சிலருக்குச் சர்க்கரை வரும். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரின் சம்பளம் போகும். மூன்றரை லட்சத்தை முதல் நாளே இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, நான்காம் மாதம் கீமோவுக்கு வழியில்லாமல் நிற்பதைவிடக் கொடுமை இல்லை. சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்களில் குடல், கணைய அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை பல வருஷமாக இருக்கிறது. ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022லிருந்து ரோபோவே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது கிடைக்கும் என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் விசாரித்துவிட்டு, பிறகு பத்திரத்தை எடுங்கள்.

டாக்டரிடம் கேட்கவேண்டியவற்றை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. கட்டி தலையிலா, வாலிலா? ரத்தக் குழாயைத் தொட்டிருக்கிறதா?
2. இந்த மருத்துவமனையில் வருஷத்துக்கு எத்தனை விப்பிள் நடக்கிறது? நீங்கள் சொல்லும் முறையில், உங்கள் கையால், இதுவரை எத்தனை?
3. அவர்களில் எத்தனை பேருக்குக் கசிவு வந்தது? எத்தனை பேர் 90 நாளுக்குள் இறந்தார்கள்?
4. துளை வழியில் தொடங்கி முடியாமல் போனால் வயிற்றைத் திறப்பீர்களா? (திறப்பேன் என்றால் மகிழுங்கள். அது தோல்வி இல்லை, நிதானம்.)
5. ராத்திரியில் கசிவோ ரத்தப்போக்கோ வந்தால் ஸ்கேனும், குழாய் போடும் டாக்டரும், ரத்த வங்கியும் இங்கேயே உண்டா?

“டாக்டரிடம் இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வாரே” என்கிறீர்களா? பணிவாகக் கேளுங்கள். நிறைய செய்தவருக்கு எண்ணைச் சொல்வதில் சங்கடம் இருக்காது.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் தேர்வு முடிவு வந்த மறுநாள் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் பிளக்ஸ் வைக்கிறார்கள்: எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை. பத்தாம் வகுப்பு சதவீதத்தைச் சொல்லாத பள்ளியில் நாம் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. மருத்துவமனை வாசலில் டாக்டரின் பட்டங்களும் இயந்திரத்தின் படமும் இருக்கின்றன. எத்தனை பேருக்குச் செய்தோம், எத்தனை பேர் நலமாக வீடு திரும்பினார்கள் என்ற எண் மட்டும் இருப்பதில்லை. அதை அரசாங்கம் கேட்டு வாங்கி வெளியிடவேண்டும் என்பது என் கருத்து. நூறு சதவீதம் காட்டுவதற்காகச் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிய பள்ளிகளும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதுபோல, கணக்கு கெட்டுவிடும் என்று கஷ்டமான நோயாளிகளை மருத்துவமனைகள் ஒதுக்கிவிடக் கூடாது. அதனால் நோயாளியின் வயது, நோயின் நிலை இவற்றையும் சேர்த்தே எண்ணை வெளியிடவேண்டும். கஷ்டம்தான். ஆனால் செய்ய முடியாததில்லை.

இன்னொரு எச்சரிக்கை. மூன்று வழியில் எதுவானாலும் நேரத்தோடு வந்தவர்களுக்குத்தான். கணையப் புற்றுநோயில் நூற்றில் பதினைந்து, இருபது பேருக்குத்தான் கண்டுபிடிக்கும்போது ஆபரேஷன் செய்யும் நிலை இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் வலியே இல்லாமல் காமாலை வந்தால், உடம்பு அரித்தால், எடை குறைந்தால், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு மாதத்தைப் போக்காதீர்கள். அன்றைக்கே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

டாக்டராகவும் நர்ஸாகவும் இருக்கும் என் பிள்ளைகள் கீழே கருத்தில் எழுதுங்கள். உங்கள் மருத்துவமனையின் எண்ணைத் தைரியமாகச் சொல்ல முடிந்தவர்கள் அதையும் எழுதுங்கள். யாருக்காவது பயன்படும். பகிர விரும்புகிறவர்கள் தாராளமாகப் பகிரலாம், அனுமதி கேட்கவேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்